அமெரிக்கத் தன்னார்வத் தீயணைப்புக் கம்பெனிகள்: யாருடைய வேலை, யாருடைய செலவு?

அமெரிக்கக் கூட்டரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, 2024 பிப்ரவரியில் அவசரகாலப் பணியாளர்களுக்கான புதிய விதிகளின் வரைவை வெளியிட்டது. 1980இல் எழுதப்பட்ட பழைய விதிகளுக்குப் பதிலாக வரவிருந்த அந்த வரைவு, தீயணைப்பு வீரர்களுக்குக் கூடுதல் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புக் கருவிகளின் முறையான பராமரிப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்கப் பார்த்தது. அதை எதிர்த்து மிகுதியாகக் குரல் எழுப்பியவர்கள், யாருடைய உயிரைக் காக்க அது எழுதப்பட்டதோ அவர்களே, அதாவது சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். விதிகள் அப்படியே நடைமுறைக்கு வந்தால் செலவைத் தாங்க முடியாமல் பல நிலையங்களை மூட நேரிடும் என்பது அவர்களுடைய வாதம். தீயணைப்பு என்றாலே அரசுத் துறை என்று பழகிய வாசகருக்கு இந்தச் செய்தி புரியாததில் வியப்பில்லை. அரசு ஊழியருக்குப் பயிற்சி தருவதால் அரசு அலுவலகம் ஏன் மூடப்பட வேண்டும்?

அந்த நிலையங்களில் பெரும்பாலானவற்றில் சம்பளம் வாங்கும் வீரர் ஒருவர்கூட இல்லை. பல, அரசு அலுவலகங்களே அல்ல. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2020ஆம் ஆண்டுக்குத் தந்துள்ள கணக்குப்படி, நாட்டில் ஏறத்தாழ 10.4 லட்சம் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 6.77 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். மொத்தம் 29,452 தீயணைப்பு அமைப்புகளில் 82 விழுக்காடு முழுவதுமாகவோ பெருமளவிலோ தன்னார்வலர்களால் நடத்தப்படுபவை. ஆனால் அவை காக்கும் மக்கள்தொகை நாட்டின் மொத்தத்தில் சுமார் 30 விழுக்காடுதான். நெரிசலான நகரங்களில் ஊதியத் துறைகளும், பரந்து கிடக்கும் ஊர்ப்புறங்களில் தன்னார்வ நிலையங்களும் இயங்குவதே இந்த இடைவெளிக்குக் காரணம்.

இப்போதைய நெருக்கடியைச் சேவை மனப்பான்மை மங்கிவிட்டதன் அடையாளமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியான விளக்கமாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக நேரத்தையும் தூரத்தையும் பொறுத்து நடந்துவந்த ஒரு கணக்கு இப்போது மாறிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சில பெயர்கள்

1. தன்னார்வத் தீயணைப்புக் கம்பெனி. இங்கே கம்பெனி என்பது லாப நோக்கற்ற, பதிவு பெற்ற உறுப்பினர் சங்கம். பென்சில்வேனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் நிலையக் கட்டடமும் வண்டிகளும் பெரும்பாலும் இச்சங்கத்தின் சொத்து. உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தீ நடக்கும் இடத்தில் கட்டளையிடும் தீயணைப்புத் தலைவர் வேறொருவர். வரவு செலவுக் கூட்டத்தில் ஒருவருடைய சொல்லும், எரியும் வீட்டின் முன்னால் இன்னொருவருடைய சொல்லும் செல்லுபடியாகும் இந்த இரட்டை அதிகாரம் பல உட்பூசல்களுக்கு ஊற்றுக்கண்ணாகவும் இருந்திருக்கிறது.

2. தீயணைப்புத் துறை. இது நகராட்சியின் அல்லது மாவட்ட நிர்வாகத்தின் உறுப்பு. இதிலும் தன்னார்வலர்கள் இருக்கலாம். சொத்தும் பொறுப்பும் அரசுடையவை.

3. தீயணைப்பு மாவட்டம். தீயணைப்புக்கென்றே எல்லை வகுக்கப்பட்டு, தனியே வரி விதிக்கும் அதிகாரம் பெற்ற உள்ளாட்சி அமைப்பு. நியூயார்க் மாநிலத்தில் இதன் ஆணையர்களை அப்பகுதி மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

4. பரஸ்பர உதவி. பக்கத்து ஊர் நிலையங்கள் ஒன்றுக்கொன்று வண்டியும் ஆளும் அனுப்புவதற்கான முன்னொப்பந்தம். இன்று ஒரு சாதாரண வீட்டுத் தீக்குக்கூட மூன்று நான்கு ஊர்களின் வண்டிகள் வருவதற்கு இதுவே அடிப்படை.

தோல் வாளியும் துணிப் பையும்

நியூயார்க், டச்சுக்காரர்களின் கையில் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்த காலத்தில், 1648இல், ஆளுநர் பீட்டர் ஸ்டைவசண்ட் புகைபோக்கிகளைச் சோதிக்கக் கண்காணிப்பாளர்களை நியமித்தார். புகைபோக்கியைச் சுத்தமாக வைக்காதவர்களிடம் தண்டம் வசூலிக்கப்பட்டது. 1670களின் இறுதியில் பாஸ்டன் நகரம் இங்கிலாந்திலிருந்து ஒரு கைப்பம்பை வரவழைத்து, அதை இயக்குவோருக்கு ஊதியமும் கொடுத்தது. 1717இல் அதே ஊரில் வேறொரு வகைச் சங்கமும் எழுந்தது. தீப்பிடித்தால் ஒருவர் வீட்டுப் பொருள்களை மற்றவர் காப்பாற்றுவது என்று உறுப்பினர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமே அந்தச் சங்கம்.

பாஸ்டனில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் அச்சகம் நடத்திவந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தீத்தடுப்பைப் பற்றித் தம் பத்திரிகையில் எழுதிய பின், 1736 டிசம்பர் 7 அன்று யூனியன் தீயணைப்புக் கம்பெனியை நிறுவினார். முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 30 பேர். அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, ஒவ்வோர் உறுப்பினரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தோல் வாளிகளையும், கெட்டியான துணிப் பைகளையும் எப்போதும் தயாராக வைத்திருந்து, தீப்பிடித்த இடத்துக்கு அவற்றோடு வந்து சேர வேண்டும். வாளி தண்ணீருக்கு, பை, எரியும் வீட்டிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களை வாரிக்கொண்டு வெளியேற. மாதம் ஒருமுறை கூட்டம் உண்டு. வராதவர் சிறு அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதப் பணம் சேர்ந்து சேர்ந்துதான் பின்னர் பம்பும் ஏணியும் கொக்கியும் வாங்கப்பட்டன.

அந்தப் பைகள்தான் இந்த ஏற்பாட்டின் இயல்பைக் காட்டிக்கொடுக்கின்றன. ஊருக்கெல்லாம் உழைக்கும் தொண்டு என்பதைவிட, சொத்துள்ள அண்டை வீட்டார் சிலர் தமக்குள் எழுதிக்கொண்ட பரஸ்பரக் காப்பு என்று சொல்வதே பொருந்தும். மேலும் பலர் சேர விரும்பியபோது, ஏற்கெனவே இருந்த கம்பெனியைப் பெருக்காமல், புதிதாக இன்னொன்றைத் தொடங்குமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சொத்து வைத்திருந்த நகரவாசிகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்தார்கள் என்று ஃபிராங்க்ளினே பின்னர் எழுதியிருக்கிறார்.

இதே தர்க்கத்தின் அடுத்த படியாக, 1752இல் ஃபிராங்க்ளினும் தீயணைப்புக் கம்பெனிகளைச் சேர்ந்தவர்களும் கூடி, ஃபிலடெல்ஃபியா காண்ட்ரிபியூஷன்ஷிப் என்னும் பரஸ்பரத் தீக்காப்பீட்டு நிறுவனத்தை உருவாக்கினார்கள். வீட்டு வாசலில் மரம் வைத்திருந்தவர்களுக்கு அந்நிறுவனம் காப்பீடு தர மறுத்தபோது, மரத்தை விட மனமில்லாதவர்கள் 1784இல் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கிப் பச்சை மரத்தையே தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள் என்பது இந்த வரலாற்றின் சுவையான கிளைக்கதை. தீயணைப்பும் காப்பீடும் அமெரிக்காவில் தொடக்கம் முதலே ஒட்டிப் பிறந்தவை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்; பின்னால் இது தேவைப்படும்.

பம்பு, ஹோஸ், வாக்குச்சீட்டு

லண்டனில் ரிச்சர்ட் நியூஷாம் வடிவமைத்த கைப்பம்புகள் இரண்டை நியூயார்க் நகரம் 1731இல் இறக்குமதி செய்தது. சக்கரம் வைத்த நீண்ட மரத்தொட்டி. இருபுறமும் நீளமான பிடிகள். ஒரு கூட்டம் வாளி வாளியாகத் தொட்டியை நிரப்ப, இன்னொரு கூட்டம் பிடிகளை மாறி மாறி அழுத்தினால், மேலேயுள்ள வளைந்த குழலிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். சிறிது நேரத்திலேயே கை ஓய்ந்துவிடும் வேலை அது. ஆகவே ஒரு பம்பைத் தொடர்ந்து இயக்கப் பல குழுக்கள் மாறி மாறி நிற்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், தையலுக்குப் பதிலாகச் செம்பு ஆணி அடித்து இறுக்கிய தோல் ஹோஸ் (வளையும் நீர்க்குழாய்) ஃபிலடெல்ஃபியாவில் உருவானதும், தெருக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீரைக் கொண்டுபோக முடிந்தது. வாளி வரிசை மறைந்தாலும் பம்படிக்க ஆள்பலம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஆள்பலம் தேவைப்பட்ட இடத்தில் இளைஞர் பட்டாளம் சேர்ந்தது; பட்டாளம் சேர்ந்த இடத்தில் அரசியல் நுழைந்தது. நியூயார்க்கில் தீயணைப்பு வீரர்களுக்கு ஜூரிப் பணியிலிருந்தும் குடிப்படைப் பணியிலிருந்தும் விலக்கு உண்டு என்பதும் ஒரு கவர்ச்சி. ஐரிஷ் கம்பெனி, குடியேறிகளை வெறுப்போரின் கம்பெனி என்று இனமும் மதமும் பார்த்துக் கம்பெனிகள் பிரிந்தன. முதலில் தெருக் குழாயைப் பிடிப்பது யார் என்பதற்காக, வீடு எரிந்துகொண்டிருக்கும்போதே அடிதடி நடப்பது சாதாரணமாகிவிட்டது. நியூயார்க் அரசியலையே பிற்காலத்தில் கைக்குள் வைத்திருந்த வில்லியம் ட்வீட், அமெரிக்கஸ் என்னும் ஆறாம் எண் பம்புக் கம்பெனியின் தலைவராக இருந்துதான் மேலே வந்தார். அக்கம்பெனியின் புலிச் சின்னமே பின்னர் டாமனி ஹால் என்னும் நியூயார்க் ஜனநாயகக் கட்சிக் குழுவின் அடையாளமாயிற்று.

அக்காலத்துச் சகோதரத்துவம் யாருக்கு உரியதாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1818இல் ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திரக் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு தீயணைப்புச் சங்கத்தைத் தொடங்க முயன்றார்கள். வெள்ளையர் கம்பெனிகளின் கடும் எதிர்ப்பில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

நகரங்கள் விலகின, ஊர்ப்புறங்கள் தொடர்ந்தன

1853 ஏப்ரல் 1 அன்று சின்சினாட்டி நகரம் நீராவிப் பம்போடு கூடிய முழு ஊதியத் தீயணைப்புத் துறையைத் தொடங்கியது. 1865இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் நகரத் தன்னார்வக் கம்பெனிகளைக் கலைத்து ஊதியத் துறையை நிறுவியது. இவ்வகைக் கம்பெனியின் பிறப்பிடமான ஃபிலடெல்ஃபியாவும் 1871இல் அதே வழிக்கு வந்தது. அடிதடியும் அரசியலும் சலிப்பூட்டியது ஒரு காரணம். காப்பீட்டு நிறுவனங்களின் நெருக்குதல் இன்னொன்று. எல்லாவற்றையும்விட, முன்பு ஒரு கூட்டமே செய்த பம்பு வேலையை நீராவி எந்திரம் சிலரைக் கொண்டு முடித்துவிட்டது. சிலருக்குச் சம்பளம் தர நகரத்தால் முடியும்.

சிற்றூரால் அது முடியாது. எளிய கணக்கு இது. ஒரு வண்டியில் நான்கு பேர் ஆண்டு முழுவதும், இரவும் பகலும் தயாராக இருக்க வேண்டுமானால், 4 இருக்கை, 24 மணி, 365 நாள் என்று பெருக்கி ஆண்டுக்கு 35,040 மணி நேரம் வருகிறது. விடுப்பு போக ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2,400 மணி நேரம் பணியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரே வண்டிக்கு 15 பேரை நியமிக்க வேண்டும். இலட்சம் பேர் வாழும் நகரத்தில் இச்செலவு ஆளுக்குச் சில டாலர்களாகக் கரைந்துவிடும். ஆயிரம் குடும்பங்கள் மட்டுமே உள்ள ஊரில், வாரம் ஓரிரு அழைப்புகளுக்காக 15 சம்பளங்களைச் சுமக்க வேண்டியிருக்கும். தன்னார்வம் அங்கே தங்கியதற்கு நல்லெண்ணமும் காரணம்தான்; மக்கள் நெருக்கம் குறைவு என்பது அதைவிட வலுவான காரணம்.

அழைப்பு வந்த பின்

ஊதிய நிலையத்தில் வீரர்கள் வண்டிக்கு அருகிலேயே இருக்கிறார்கள். தன்னார்வ நிலையத்தில் கட்டடம் பெரும்பாலான நேரம் பூட்டியிருக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை குறிப்பிட்ட ஒலியை அனுப்பியதும், இடுப்பிலோ மேசைமேலோ இருக்கும் பேஜர்கள் ஒலிக்கும். பல ஊர்களில் நிலையத்தின் கூரைமேல் உள்ள சைரனும் அலறும். உறுப்பினர்கள் வீட்டிலிருந்தோ வேலையிலிருந்தோ தங்கள் காரில் கிளம்புவார்கள். பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் அந்தக் கார்களில் சுழலும் நீல விளக்கு இதற்கான அடையாளம். நிலையத்தை அடைந்து, கனத்த பாதுகாப்பு உடையை மாட்டி, போதிய ஆள் சேர்ந்த பிறகே வண்டி புறப்படும்.

தெருக் குழாய் இல்லாத ஊரில் தண்ணீரையும் உடன் கொண்டுபோக வேண்டும். முதல் வண்டி எரியும் வீட்டருகே நிற்கும். அதற்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் கித்தான் கட்டிய மடக்குத் தொட்டி ஒன்று சாலையிலேயே விரிக்கப்படும். டேங்கர் லாரிகள் வரிசையாக வந்து, பின்புற மதகைத் திறந்து ஓரிரு நிமிடங்களில் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பக் குளத்தையோ ஓடையையோ நோக்கிப் போகும். அங்கே வேறொரு வண்டி, விறைப்பான உறிஞ்சு குழாயை நீரில் இறக்கி அவற்றை நிரப்பிக்கொண்டிருக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு லாரி தாமதித்தாலும் தொட்டி வறண்டு, வீட்டுக்குள் ஹோஸைப் பிடித்து நிற்பவரின் கையில் நீரின் வேகம் குறையும். நாலைந்து ஊர்க் கம்பெனிகள் பழகிய கைகளாக இதை நடத்துவதற்குப் பின்னால் பல மாலை நேரப் பயிற்சிகள் இருக்கின்றன.

தன்னார்வ அமைப்புகளுக்கான தேசியத் தரம், அதாவது 1720 என எண்ணிட்ட ஆவணம், இந்த யதார்த்தத்தை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டது. சதுர மைலுக்கு 1,000 பேருக்கு மேல் வாழும் பகுதியில் 9 நிமிடங்களுக்குள் 15 பேர். 500 முதல் 1,000 பேர் வரை வாழும் புறநகரில் 10 நிமிடங்களுக்குள் 10 பேர். 500 பேருக்கும் குறைவான ஊர்ப்புறத்தில் 14 நிமிடங்களுக்குள் 6 பேர் என்று அது இலக்கு வைக்கிறது. ஊர்ப்புறத்தில் நூற்றுக்கு 80 தடவை இதை எட்டினால் போதும்.

சங்கக் கூடமும் வெள்ளிக்கிழமை மீனும்

வண்டிக்கும் டீசலுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி உள்ளாட்சியின் மானியம் அல்லது வரி. பென்சில்வேனியாவில், வெளிமாநிலத் தீக்காப்பீட்டு நிறுவனங்களின் பிரீமியத்தின்மீது விதிக்கப்படும் 2 விழுக்காட்டு வரி, தீயணைப்பு வீரர் நிவாரணச் சங்கங்களுக்குப் போகிறது. அதை முதன்மையாகப் பாதுகாப்புக் கருவி, பயிற்சி, காப்பீடு, காயமடைந்தோர் உதவி ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும். மீதியைக் கம்பெனி தானே திரட்டுகிறது. கத்தோலிக்கர்கள் இறைச்சியைத் தவிர்க்கும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பொரித்த மீன் விருந்து, கோடையில் கோழி வாட்டும் விருந்து, பிங்கோ இரவு, குலுக்கல் சீட்டு, ராட்டினங்களோடு ஒரு வாரத் திருவிழா என்று அது நீளும். நிலையத்தை ஒட்டிய கூடம் திருமணத்துக்கும் துக்க விருந்துக்கும் வாடகைக்குக் கிடைக்கும். தேர்தலன்று பல இடங்களில் அதுவே வாக்குச்சாவடி. வெள்ளம் வந்தால் முகாம்.

பணம் திரட்டும் இந்த ஏற்பாடுகள் நாளடைவில் ஊரின் சமூக வாழ்வாகவே மாறிவிட்டன. தந்தையும் மகளும் ஒரே வண்டியில் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் 14 வயது முதலே, பெற்றோர் அனுமதியோடு, ஆபத்தில்லாத வேலைகளுக்கு இளையோர் உறுப்பினராகச் சேரலாம். பள்ளியும் அஞ்சலகமும் மூடப்பட்ட சிற்றூர்களில் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரே பொது அமைப்பாகக் கம்பெனி மட்டுமே மிஞ்சியிருப்பதும் உண்டு. பக்கத்து ஊர்க் கம்பெனியோடு இணையலாம் என்ற யோசனை வரும்போது எழும் எதிர்ப்பை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். வெளியாருக்கு அது வீண் பிடிவாதமாகத் தெரியும். சில இடங்களில் அது பிடிவாதமேதான்.

ஊர்க் கம்பெனிக்கு ஊரளவு நிகழ்ச்சிதான் வரும் என்பதில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவில் யுனைடெட் 93 விமானம் விழுந்தபோது முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் ஷாங்க்ஸ்வில் தன்னார்வத் தீயணைப்புக் கம்பெனியினரும் இருந்தார்கள். 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாஸின் வெஸ்ட் என்னும் ஊரில் உரக் கிடங்கு தீப்பற்றி வெடித்ததில் இறந்த 15 பேரில் 12 பேர் மீட்புப் பணிக்குப் போனவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். கிடங்கிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டின் ஆபத்தை எதிர்கொள்ளும் பயிற்சி அவர்களுக்குப் போதுமான அளவு கிடைத்திருக்கவில்லை என்பதைக் கூட்டரசின் ரசாயன விபத்து விசாரணை வாரியம் சுட்டிக்காட்டியது. ஓஷாவின் 2024 வரைவுக்குப் பின்னணியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

ஆள் ஏன் குறைகிறார்கள்?

நாடு முழுவதும் 1984இல் சுமார் 8.98 லட்சமாக இருந்த தன்னார்வலர்கள் 2020இல் 6.77 லட்சமாகக் குறைந்தார்கள். பென்சில்வேனியாவின் சரிவு இன்னும் செங்குத்தானது. 1970களில் 3 லட்சம் என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, மாநிலச் சட்டமன்றம் அமைத்த ஆய்வுக்குழு 2018இல் அறிக்கை தந்தபோது 38,000 என்ற அளவுக்கு வந்திருந்தது. காரணங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. வேலையிடம் விலகிப் போயிற்று. ஆலையும் கடையும் ஊருக்குள் இருந்தவரை, சைரன் கேட்டதும் வேலையை விட்டு ஓடத் தொழிலாளிக்கு முதலாளியே அனுமதி தந்தார். பல இடங்களில் முதலாளியும் கம்பெனி உறுப்பினர். இன்று உறுப்பினர்களில் பலர் தொலைவிலுள்ள நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். இரவில் 12 பேர் வரும் நிலையத்துக்கு வேலைநாள் பகலில் இரண்டு பேர் வருவது இதனால்தான்.

2. பயிற்சி நீண்டுவிட்டது. அடிப்படைப் பயிற்சியே 150 மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாரத்தில் இரண்டு மாலைகளும் சனிக்கிழமைகளும் என்று பல மாதங்களுக்கு அது நீளும். இந்தப் பயிற்சி மிகையானது என்று சொல்வதற்கில்லை. மூச்சுக் கருவி மாட்டிப் புகைக்குள் நுழைபவருக்கு அதைக் குறைத்துக் கொடுப்பது அவரைக் கொல்வதற்குச் சமம். ஆனால் இரண்டு வேலை பார்க்கும் இளம் பெற்றோரால் அதற்கு நேரம் ஒதுக்க முடிவதில்லை.

3. அழைப்புகள் பெருகின, தீ குறைந்தது. 1980இல் நாட்டின் தீயணைப்பு அமைப்புகளுக்கு வந்த அழைப்புகள் சுமார் 1.08 கோடி, அவற்றில் தீ விபத்துகள் 30 லட்சத்தை ஒட்டியவை. 2020இல் அழைப்புகள் 3.6 கோடியைத் தாண்டின. தீ விபத்துகளோ ஏறத்தாழ 14 லட்சம்தான். இடைவெளியை நிரப்பியவை மருத்துவ உதவிகள், சாலை விபத்துகள், தவறுதலாக ஒலிக்கும் எச்சரிக்கை மணிகள். தீயை அணைக்கச் சேர்ந்தவர், நள்ளிரவில் மூன்றாம் முறையாக அதே கட்டடத்தின் பழுதான மணிக்காக எழுந்து போக வேண்டியிருக்கிறது.

4. தீயின் வேகம் கூடிவிட்டது. இது அதிகம் பேசப்படாத காரணம். அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம் ஒரே அளவிலான இரண்டு அறைகளை எரித்து ஒப்பிட்டது. பஞ்சும் மரமும் கொண்ட பழைய பாணிச் சாமான்கள் இருந்த அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் கட்டத்தை அடைய 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. நுரையும் செயற்கை இழைகளும் நிறைந்த இன்றைய பாணி அறைக்கு 4 நிமிடங்கள்கூட ஆகவில்லை. ஊர்ப்புறத்துக்கான 14 நிமிட இலக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன்னார்வலர் வந்து சேரும்போது தீ பிடித்த அறை போயிருக்கும். பல நேரங்களில் அவர்களால் காக்க முடிவது வீட்டின் எஞ்சிய பகுதியையும் அடுத்த வீட்டையும்தான். அறைக்குள் இருந்தவர் பிழைப்பது, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்ததா என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

5. வயது ஏறுகிறது. 2,500 பேருக்கும் குறைவான ஊர்களில் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 50 வயதைக் கடந்தவர்.

இவற்றோடு விலையும் சேர்கிறது. புதிய தீயணைப்பு வண்டி ஒன்றின் விலை இன்று பத்து லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. மீன் விருந்தில் எட்டக்கூடிய தொகை இல்லை அது.

ஓஷா வரைவு யாரைக் கட்டுப்படுத்தும்?

குழப்பத்தின் சட்டப் பக்கம் இதுதான். கூட்டரசு ஓஷாவுக்கு மாநில, உள்ளாட்சி ஊழியர்கள்மீது நேரடி அதிகாரம் இல்லை. ஆனால் பல மாநிலங்கள் ஓஷாவின் ஒப்புதலோடு தங்கள் சொந்தப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்துகின்றன. அந்த மாநிலங்களில் அரசு ஊழியர்களும் திட்டத்துக்குள் வருவார்கள். மாநில விதிகள் கூட்டரசு விதிகளுக்குச் சற்றும் குறையாத பாதுகாப்பைத் தர வேண்டும். நியூயார்க், மேரிலாந்து, வர்ஜீனியா ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பென்சில்வேனியா இவ்வகையில் இல்லை. தன்னார்வலரை ஊழியராகக் கருதுவதா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே ஒரே வரைவு, ஆற்றின் இக்கரையிலுள்ள கம்பெனியைக் கட்டுப்படுத்தி அக்கரையிலுள்ளதைத் தொடாமல் விடவும் கூடும்.

வரைவின் ஒவ்வொரு விதியையும் தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை நியாயமானவை. புகை நிறைந்த கட்டடத்துக்குள் இருவர் போனால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்ற பழைய விதியையும் ஒரு காலத்தில் சிலர் எதிர்த்தார்கள். இன்று அதை வேண்டாம் என்று சொல்வோர் அரிது. விதிகளுக்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பதை வரைவு தீர்த்துவைக்கவில்லை என்பதே உண்மையான குறை.

ஒரு கம்பெனி மூடினால்

சம்பளமில்லை என்பதால் தன்னார்வத் தீயணைப்பு இலவசம் என்று பொருளாகாது. வரியில் தெரியாத செலவை உறுப்பினர்கள் நேரமாகச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிறுத்தும்போது, அது பணமாக வேறெங்கோ தலைகாட்டும். பெரும்பாலும் நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன.

1. பகலுக்கு மட்டும் ஊதிய வீரர்களை வைத்து, இரவைத் தன்னார்வலரிடம் விடுவது. ஓரளவு வருவாயுள்ள ஊர்களுக்கு இது பொருந்துகிறது. மூன்று ஊர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால் இன்னும் எளிது.

2. கம்பெனிகளை இணைப்பது. இரண்டு ஊர்களின் பழைய வண்டிகள் இரண்டை விற்று நல்ல வண்டி ஒன்றை வாங்கலாம். ஆள் பற்றாக்குறையை மட்டும் இது அப்படியே தீர்த்துவிடாது. பகலில் ஆளில்லாத இரண்டு நிலையங்களைச் சேர்த்தால் பகலில் ஆளில்லாத ஒரு நிலையம் கிடைக்கும்.

3. தன்னார்வலருக்குச் சிறு பயன்கள் தருவது. சொத்து வரியில் சலுகை, நீண்ட சேவைக்கான ஓய்வூதியம் போன்றவை பல மாநிலங்களில் உள்ளன. கூட்டரசின் சேஃபர் மானியம் ஆள் சேர்ப்பதற்கும் தக்கவைப்பதற்கும் பணம் தருகிறது. இருப்பவரைத் தக்கவைக்க இவை உதவும். தொலைவில் வேலை பார்ப்பவரைப் பகலில் ஊருக்குள் கொண்டுவர உதவா.

4. சந்தா முறை. ஆண்டுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டும் சேவை. 2010இல் டென்னசியின் ஒபயன் மாவட்டத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்தது. ஆண்டுக் கட்டணமான 75 டாலரைச் செலுத்தியிராத ஒருவரின் வீடு எரிந்தபோது, சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்பினர் வந்து, கட்டணம் செலுத்தியிருந்த அண்டை வீட்டாரின் நிலத்தை மட்டும் காத்துவிட்டு, வீட்டை எரிய விட்டார்கள். விதிப்படி அவர்கள் செய்தது சரி என்று வாதிட்டவர்களும் உண்டு.

இவற்றில் எதுவும் செய்யப்படாமல் கம்பெனி மூடப்பட்டால், பரஸ்பர உதவி ஒப்பந்தத்தின்படி பக்கத்து ஊர் வண்டி வரும். அந்த ஊர்க் கம்பெனியிலும் ஆள் குறைவு என்பதால், அதன் அழைப்புகள் கூடி, அதன் உறுப்பினர்களும் விரைவில் சோர்வார்கள். காப்பீட்டுத் துறையின் கணக்கு இன்னும் நேரடியானது. ஐ.எஸ்.ஓ. என்னும் அமெரிக்கக் காப்பீட்டுத் தரவு நிறுவனம் (அதே சுருக்கப் பெயருள்ள பன்னாட்டுத் தர அமைப்பு அல்ல) ஒவ்வொரு பகுதியின் தீப் பாதுகாப்பையும் 1 முதல் 10 வரை தரப்படுத்துகிறது. 1 மிகச் சிறந்தது, 10 என்றால் குறைந்தபட்சத் தகுதிகூட இல்லை. அங்கீகாரம் பெற்ற நிலையத்திலிருந்து சாலை வழியாக 5 மைலுக்கு அப்பால் இருக்கும் வீடு பொதுவாக 10ஆம் தரத்துக்குத் தள்ளப்படும். நிலையம் பூட்டப்பட்ட பிறகு அங்குள்ள வீட்டுக்காரருக்கு வரும் அடுத்த காப்பீட்டு ரசீதில் பிரீமியம் கூடியிருக்கலாம். சில நிறுவனங்கள் காப்பீடு தரவே மறுக்கலாம். பகலுக்கு நான்கு ஊதிய வீரர்களை வைக்கும் வரித் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும் ஊர்களில், அந்த வரியை இந்தப் பிரீமிய உயர்வோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாக்களிப்பது நல்லது.